சமூகவியல், சட்டம், சமூகச் சிக்கல்கள்: தருமபுரி, கிருஷ்ணகிரி மாணவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சட்டப் படிப்பின் தொடக்கத்தில் சமூகவியல் ஒரு தாளாக வருகிறது. சமூகப்பணி மாணவர்களுக்கும் போட்டித் தேர்வு எழுதுபவர்களுக்கும் அது தேவைப்படுகிறது. பாடநூல் எடுத்துக்காட்டுகளில் பாதி ஐரோப்பிய, அமெரிக்க நகரங்களைச் சேர்ந்தவை. அதே கருத்துகளை இந்த இரண்டு மாவட்டங்களின் நிலவரத்தோடு வைத்து இங்கே விளக்குகிறோம்.

சமூகவியல் எதைப் படிக்கிறது? ஊரில் எல்லாருக்கும் தெரிந்ததைத்தானே சொல்கிறது?

தனி ஆளின் குணத்தை விட்டுவிட்டு, ஆட்களுக்கு இடையே உள்ள ஒழுங்கைப் படிக்கிறது. அகஸ்ட் காம்ட் 1838-இல் இந்தத் துறைக்குப் பெயர் வைத்தார். எமில் துர்க்கைம் 1895-இல் அதற்கு ஒரு பொருளை வரையறுத்துக் கொடுத்தார்: தனி மனிதருக்கு வெளியே இருந்துகொண்டு அவரைக் கட்டுப்படுத்துவது எதுவோ அது சமூக உண்மை. பெண் பார்க்கும் வழக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். சொந்தச் சாதிக்குள்தான் பார்க்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. மீறிப் பாருங்கள், பேச்சுவார்த்தை நிற்கும், பங்கு கிடைக்காது, சில இடங்களில் உயிரே போகும். எழுதப்படாத அந்த விதிதான் சமூகவியலின் பாடம். சாதி நிற்பதே அகமணத்தின் (சாதிக்குள்ளேயே மணப்பதன்) மேல்தான் என்று அம்பேத்கர் 1916-இல் கொலம்பியா பல்கலைக்கழகக் கருத்தரங்கில் வாசித்த கட்டுரையில் காட்டினார்.

எல்லாருக்கும் தெரிந்தது என்று சொல்லப்படுவது பல நேரம் தவறாகவே இருக்கிறது. பெண் குழந்தையை வேண்டாம் என்பது வறுமையால் வருவது என்று பலரும் நம்புகிறார்கள். 2001 கணக்கெடுப்பில் ஆறு வயதுக்குட்பட்ட 1000 ஆண் குழந்தைகளுக்குத் தருமபுரியில் 826 பெண் குழந்தைகள். அதே கணக்கெடுப்பில் ஹரியானாவில் 819, பஞ்சாபில் 798. இரண்டும் வசதியான மாநிலங்கள். வறுமை மட்டுமே காரணம் என்றால் இந்த எண்கள் இப்படி அமைந்திருக்காது.

ஒருவருடைய கஷ்டம் எப்போது சமூகச் சிக்கல் ஆகிறது?

சி. ரைட் மில்ஸ் 1959-இல் சொன்ன பிரிப்பு இன்றும் உதவும். ஒருவருக்கு வந்தால் அது தனிக் கஷ்டம். ஒரே வகை ஆட்களுக்கு, ஒரே காரணத்தால், திரும்பத் திரும்ப வந்தால் அது பொதுச் சிக்கல்.

தருமபுரி மாவட்டத்தில் ஃபுளோரைடு பாதிப்பு இதற்கு நல்ல பாடம். ஒரு பிள்ளையின் பல்லில் பழுப்புக் கறை இருந்தால் சரியாகப் பல் துலக்கவில்லை என்று வீட்டில் திட்டுவார்கள். வகுப்பில் பாதிப் பேருக்கு அந்தக் கறை இருந்தால் குடிநீரைச் சோதிக்க வேண்டும். குடிநீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும். வேறு வழியே இல்லாத இடத்தில் 1.5 வரை அனுமதி. ஆழ்துளைக் கிணற்று நீரையே நம்பி வாழும் பாறைப் பகுதிகளில் அது கூடுகிறது. பல்லோடு நிற்பதில்லை; ஆண்டுக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் முடக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கிவைக்கப்பட்டதற்குப் பின்னணி இதுதான். கறை முன்பும் இருந்தது. அதற்குப் பொதுக் காரணம் உண்டு என்று அளந்து காட்டி, அரசிடம் யாரோ கேட்ட பிறகுதான் அது சிக்கல் என்ற பெயரைப் பெற்றது. அந்தக் குரல் யாருக்கு இருக்கிறது, யாருக்கு இல்லை என்பதும் சமூகவியல் கேள்விதான்.

சட்டம் இவ்வளவு கடுமையாக இருந்தும் குழந்தைத் திருமணம் ஏன் நடக்கிறது?

"விழிப்புணர்வு இல்லை" என்பது தேர்வுத் தாளில் அதிகம் எழுதப்படும் விடை. எங்கள் கருத்தில் மிகவும் பலவீனமான விடையும் அதுதான். பெண்ணுக்கு 18 என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். அதனால்தான் பத்திரிகை அடிக்காமல், மண்டபம் எடுக்காமல், விடியற்காலையில் ஏதாவது கோயிலில் தாலி கட்டுகிறார்கள். சட்டம் தெரியாதவர் ஒளிக்க மாட்டார்.

பிறகு என்ன காரணம்? சட்டத்தைவிட வேகமாகத் தண்டிக்கும் வேறொரு விதி வீட்டு வாசலில் நிற்கிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக் கிராமங்களையோ அரூர் பக்கத்துச் சித்தேரி மலையையோ நினைத்துக்கொள்ளுங்கள். எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளி தூரம், பேருந்து குறைவு. பெற்றோர் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குப் போனால் வயதுக்கு வந்த பெண்ணைப் பாட்டியிடம் விட்டுப் போக வேண்டும். "ஏதாவது ஆகிவிட்டால்" என்ற பயம் ஒரு பக்கம். தாய்மாமனுக்கு உரிமைப் பெண் என்ற வழக்கம் இன்னொரு பக்கம். வயது கூடக்கூடச் சீர்வரிசையும் நகையும் கூடும் என்ற கணக்கு மூன்றாவது. இந்தப் பெற்றோருக்குச் சட்டத்தை மீறுவதன் விலை எப்போதோ வரக்கூடிய வழக்கு. வழக்கத்தை மீறுவதன் விலையோ நாளைக் காலையிலேயே வரும்.

ஆகவே ஒரு சட்டத்தைப் படிக்கும்போது தண்டனை எத்தனை ஆண்டு என்பதோடு நிற்காதீர்கள். கீழ்ப்படிபவருக்கு என்ன செலவு, அந்தச் செலவை யார் ஏற்கிறார்கள் என்று கேளுங்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண் கல்லூரியில் சேர்ந்தால் மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப்பெண் திட்டம் (2022), கிராமத்துக்கு வரும் பேருந்து, பெண்கள் விடுதி ஆகியவை அந்தச் செலவைக் குறைக்கின்றன. தண்டனைப் பிரிவு செய்யாத வேலையை இவை செய்கின்றன.

குழந்தைத் திருமணம் நடக்கப்போகிறது என்று தெரிந்தால் சட்டப்படி என்ன செய்வது? எங்கே தவறுகிறது?

குழந்தைகள் உதவி எண்ணான 1098-க்குச் சொல்லுங்கள். பெண்ணின் பெயர், படித்த பள்ளி, வகுப்பு, தந்தை பெயர், ஊர், மணமகன் ஊர், தேதி, தாலி கட்டும் இடம் ஆகியவை இருந்தால் அதிகாரிகள் நேராகப் போக முடியும். "எங்கள் ஊரில் ஒரு கல்யாணம்" என்று மட்டும் சொன்னால் எதுவும் நகராது. சொல்பவர் பெயரைத் தர வேண்டியதில்லை. தமிழ்நாட்டில் மாவட்டச் சமூகநல அலுவலரே குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர்.

வயதுச் சான்றுதான் பாதி வழக்கைத் தீர்மானிக்கிறது. சிறார் நீதிச் சட்டத்தின் 94-ஆம் பிரிவுப்படி முதலில் பள்ளிச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று. அது இல்லாவிட்டால் உள்ளாட்சி தரும் பிறப்புச் சான்று. இரண்டும் இல்லாவிட்டால் மட்டுமே எலும்புச் சோதனை. வீட்டார் ஆதாரை நீட்டுவார்கள். பிறந்த தேதிக்கு ஆதார் சான்றாகாது என்று உச்ச நீதிமன்றம் 2024-இல் சொல்லியிருக்கிறது. ஆகவே பள்ளித் தலைமையாசிரியரிடம் சேர்க்கைப் பதிவேட்டின் நகலைக் கேட்பதே முதல் வேலை.

அதிகாரிகள் வந்து பெற்றோரிடம் எழுதி வாங்கிக்கொண்டு போவதோடு பல நேரம் விஷயம் முடிந்துவிடுகிறது. பெரிய ஓட்டை இங்கேதான். ஒரு வாரம் கழித்து வேறு ஊரில் தாலி ஏறும். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 13-ஆம் பிரிவில் நீதித்துறை நடுவரிடம் தடையாணை வாங்க வழி உண்டு. அவசரமானால் எதிர்த்தரப்புக்கு அறிவிப்பு இல்லாமலே இடைக்காலத் தடை கிடைக்கும். தடையாணைக்குப் பிறகு நடக்கும் திருமணம் 14-ஆம் பிரிவுப்படி தொடக்கத்திலிருந்தே செல்லாது. எழுதி வாங்கிய காகிதத்துக்கு அந்த வலு இல்லை.

தடையாணை இல்லாமல் நடந்த குழந்தைத் திருமணம் தமிழ்நாட்டில் தானாகச் செல்லாததாகிவிடாது. கடத்தியோ விற்றோ ஏமாற்றியோ நடத்தியது என்றால் மட்டும் செல்லாது. மற்றவற்றில் அந்தப் பெண் விரும்பினால், 20 வயது நிறைவதற்குள் மாவட்ட நீதிமன்றத்தில் மனு போட்டு ரத்து செய்துகொள்ளலாம். கர்நாடகம் தன் திருத்தத்தால் எல்லாக் குழந்தைத் திருமணங்களையும் தொடக்கத்திலிருந்தே செல்லாதவை ஆக்கிவிட்டது. ஓசூருக்கு அந்தப் பக்கம் அத்திப்பள்ளியில் நடந்தால் ஒரு விளைவு, இந்தப் பக்கம் நடந்தால் இன்னொன்று. எல்லை தாண்டித் தாலி கட்டினால் தப்பிக்கலாம் என்று நினைப்பவர்களுக்கு இது தெரிய வேண்டும்.

பாலின விகிதத்தை எப்படிப் படிப்பது? எங்கள் கிராமத்தில் 739 வந்தது. அங்கே சிசுக்கொலை நடக்கிறதா?

அவசரப்படாதீர்கள். முதலில், இயல்பு நிலை 1000 இல்லை. இயற்கையாகவே 100 பெண் குழந்தைகளுக்குச் சுமார் 105 ஆண் குழந்தைகள் பிறக்கின்றன. அதாவது 1000 ஆண்களுக்கு ஏறத்தாழ 950 பெண்கள். ஒப்பிட வேண்டியது இதோடுதான்.

இரண்டாவது, எண்ணிக்கையின் அளவு. 40 குழந்தைகளில் 23 ஆண், 17 பெண் என்றால் விகிதம் 739. பார்க்க அச்சமாக இருக்கும். ஆனால் 40 பிறப்புகளில் இயல்பாகவே 13 முதல் 26 பெண்கள் வரை வரலாம். 17 அந்த எல்லைக்குள்தான் இருக்கிறது. ஒரு கிராமத்தை வைத்து எதையும் சொல்ல முடியாது. ஒரு வட்டாரத்தின் பல ஆண்டுப் பிறப்புகளைச் சேர்த்து, முதல் குழந்தை, இரண்டாம் குழந்தை, மூன்றாம் குழந்தை என்று பிரித்துப் பாருங்கள். தலையீடு இருந்தால் அது இரண்டாம், மூன்றாம் குழந்தையில்தான் தெரியும். அதிலும் மூத்தது பெண்ணாக இருக்கும் வீடுகளில்.

தருமபுரியின் விகிதம் 2011-இல் 913 ஆக உயர்ந்தது. வேண்டாம் என்று விடப்படும் பெண் குழந்தையை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் சேலத்தில் தொடங்கிப் பின்னர் தருமபுரிக்கும் வந்தது. கருவின் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம், மகளிர் குழுக்கள், கர்ப்பிணிகளைப் பதிவு செய்து தொடரும் செவிலியர்கள், குறைந்துவந்த குடும்ப அளவு என்று பல ஒரே காலத்தில் நடந்தன. உயர்வுக்கு இதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் காட்டுபவரை நம்ப வேண்டாம்.

எதிர்பாராத விளைவையும் கவனியுங்கள். சிசுக்கொலைக்குக் கைது நடக்கத் தொடங்கியதும் சில குடும்பங்கள் பிறப்புக்கு முன்னாலேயே பார்த்துவிடும் வழிக்கு நகர்ந்தன. கருவி சிறியதானதும் மருத்துவமனையை விட்டு ஏதோ ஒரு வீட்டுக்குள்ளேயே ஸ்கேன் நடக்கிறது. சட்டம் ஒரு வாசலை அடைத்தது. ஆசை அடுத்ததைத் தேடிக்கொண்டது. 1994-ஆம் ஆண்டுச் சட்டத்தில் கர்ப்பிணி தன் விருப்பத்தால் வந்தார் என்று கருதப்படுவதில்லை. கணவரோ உறவினரோ கட்டாயப்படுத்தியதாகவே 24-ஆம் பிரிவு அனுமானிக்கிறது. மருமகளின் நிலை என்ன என்று தெரிந்து எழுதிய பிரிவு.

பெண்ணுக்குச் சொத்தில் சம பங்கு உண்டு. ஆனாலும் யாரும் வாங்குவதில்லையே?

இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் தமிழ்நாடு 1989-லேயே திருத்தம் கொண்டுவந்தது, மைய அரசு 2005-இல். பிறப்பாலேயே மகள் பங்காளி என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் ஐயத்துக்கு இடமின்றிச் சொன்னது. சட்டம் இதைவிடத் தெளிவாக இருக்க முடியாது.

இப்போது சார்பதிவாளர் அலுவலகத்துக்குப் போய்ப் பாருங்கள். அப்பா இறந்த சில மாதத்தில் சகோதரிகள் வரிசையாக வந்து, தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். பணம் எதுவும் கைமாறாமலே கூட. காரணம் கேட்டால் "தாய்வீடு வேணுமில்ல" என்பார்கள். பொங்கல் சீர், ஆடிக்கு அழைப்பு, பிள்ளைகளுக்குக் காதுகுத்து என்றால் தாய்மாமன் மடி, புகுந்த வீட்டில் சண்டை வந்தால் திரும்பி வர ஓர் இடம் ஆகியவற்றுக்கு அவள் கொடுக்கும் விலை அந்தக் கையெழுத்து. ஓய்கன் எர்லிக் 1913-இல் வாழும் சட்டம் என்று குறித்தது இதைத்தான்: ஏட்டில் உள்ள சட்டத்துக்குப் பக்கத்தில், மக்கள் உண்மையில் பின்பற்றும் இன்னொரு சட்டம்.

கையெழுத்துக் கேட்கப்படும் பெண்ணுக்கு நடைமுறையில் சொல்ல வேண்டியது: படிக்காமல் போட வேண்டாம், வீட்டில் வெற்றுத் தாளில் போடவே வேண்டாம். பதிவான விடுதலைப் பத்திரத்தை ஏமாற்று, வற்புறுத்தல் என்று நிரூபித்துத்தான் உடைக்க முடியும்; அது கடினம், வருடக்கணக்காகும். பங்கை விட்டுக்கொடுக்க மனம் இருந்தால்கூட அதன் சந்தை மதிப்பை முதலில் தெரிந்துகொள்ளட்டும்.

சாதி வன்கொடுமை வழக்குகள் நீதிமன்றத்தில் ஏன் நிலைப்பதில்லை?

எம். என். சீனிவாஸ் 1959-இல் ஆதிக்கச் சாதி என்ற கருத்தை விரிவாக எழுதினார். எண்ணிக்கை, நிலம், அலுவலகத் தொடர்பு ஆகியவை ஒரே சாதியிடம் குவிந்தால் ஊரின் பேச்சு அவர்களுடையது. இந்தக் கண்ணோடு ஒரு வழக்கைப் பின்தொடருங்கள். சாட்சி சொல்ல வேண்டியவர் குற்றம் சாட்டப்பட்டவரின் நிலத்தில்தான் கூலிக்குப் போகிறார். பால் ஊற்றுவதும் அவர்கள் ஆள் நடத்தும் சங்கத்தில்தான். ஊர்ப் பஞ்சாயத்தில் "விட்டுக்கொடுத்துப் போங்க" என்ற பேச்சு எழும்போது அது வெறும் அறிவுரையாக அவர் காதில் விழாது. சாட்சி பிறழ்வதற்கு அவருடைய கோழைத்தனத்தைக் காரணம் காட்டுவது அநியாயம்.

சட்டப் பக்கம் தவறுவது பெரும்பாலும் இந்த இடங்களில்: முதல் தகவல் அறிக்கையில் 1989-ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டப் பிரிவே இல்லாமல் சாதாரண அடிதடியாகப் பதிவாவது, அன்று மாலையே பாதிக்கப்பட்டவர்மீது எதிர்வழக்கு, இரு தரப்புச் சாதிச் சான்றும் கோப்பில் இல்லாமல் போவது. விசாரணையை டி.எஸ்.பி. நிலைக்குக் குறையாத அதிகாரி நடத்த வேண்டும், 60 நாளில் முடிக்க வேண்டும். கடமையை வேண்டுமென்றே செய்யாத அரசு ஊழியருக்கு 4-ஆம் பிரிவில் ஆறு மாதம் முதல் ஓராண்டு வரை சிறை. இந்தப் பிரிவை எழுத்து மனுவிலேயே குறிப்பிடுவது பலன் தரும்.

2012 நவம்பர் 7 அன்று தருமபுரி அருகே நாயக்கன்கொட்டாய்ப் பகுதியில் நத்தம், அண்ணா நகர், கொண்டம்பட்டி ஆகிய தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டன. சாதி கடந்த ஒரு திருமணம் அதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது. திருமணம் இரண்டு பேருக்கு இடையே. எரிந்ததோ மூன்று குடியிருப்புகள். ஒருவருடைய செயலுக்கு முழுச் சமூகத்தையும் பொறுப்பாக்கும் இந்தக் கூட்டுத் தண்டனைதான் சட்டத்தின் தனிநபர்ப் பொறுப்பு என்ற அடிப்படையோடு நேருக்கு நேர் மோதுகிறது. சாதி மறுத்துத் திருமணம் செய்வோரைக் காக்க மாவட்டம்தோறும் தனிப் பிரிவும், தேவையான இடத்தில் பாதுகாப்பு இல்லமும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் உத்தரவிட்டது.

சட்டத்தைக் காக்க வேண்டியவர்களே குற்றம் செய்தால் சமூகவியல் என்ன சொல்கிறது?

வாச்சாத்தியைப் படியுங்கள். அரூர் அருகே உள்ள மலையடிவாரப் பழங்குடிக் கிராமம். 1992 ஜூன் 20 அன்று சந்தனக் கட்டை தேடுவதாக வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் நுழைந்தார்கள். 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். வீடுகள் நொறுக்கப்பட்டன, கிணறு பாழாக்கப்பட்டது, ஊரே சிறைக்குப் போனது. 269 பேர்மீது குற்றச்சாட்டு. 2011 செப்டம்பர் 29-இல் தருமபுரி நீதிமன்றம் உயிரோடிருந்த 215 பேரையும் குற்றவாளிகள் என்றது. அதற்குள் 54 பேர் இறந்துபோயிருந்தார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2023 செப்டம்பர் 29-இல் தீர்ப்பை உறுதி செய்தது. 31 ஆண்டுகள்.

ஹோவர்ட் பெக்கர் 1963-இல் விளக்கிய முத்திரை குத்தல் இங்கே கண்முன் நிற்கிறது. "கடத்தல்காரக் கிராமம்" என்ற பெயர் முதலில் வந்தது. அந்தப் பெயர் ஒட்டிய பிறகு அங்கே இருப்பவர்களின் புகார் புகாராகவே கேட்கப்படவில்லை. அமைப்பாகத் திரண்டவர்களின் போராட்டமும், உயர் நீதிமன்றம் வழி வந்த சி.பி.ஐ. விசாரணையும் சேர்ந்தே அதை மாற்றின. சட்டம் தானாக வேலை செய்யாது, யாராவது விடாமல் பிடித்துத் தள்ள வேண்டும் என்பதற்கு இதைவிட வலுவான சான்று இந்த மாவட்டத்தில் இல்லை.

கொத்தடிமை முறை இன்னும் இருக்கிறதா? சங்கிலி போட்டு யாரும் வைப்பதில்லையே.

சங்கிலி தேவையில்லை, முன்பணம் போதும். செங்கல் சூளையிலோ கல் குவாரியிலோ முன்பணம் வாங்கிய குடும்பம் வேறு வேலைக்குப் போக முடியாமல், குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே உழைத்தால் 1976-ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் கொத்தடிமை என்கிறது. கடன் சட்டப்படியே அழிந்துவிடும். கோட்டாட்சியர் தரும் விடுதலைச் சான்றிதழை வாங்காமல் ஊருக்குப் பேருந்து ஏறிவிடக் கூடாது. அது இல்லாமல் உடனடி உதவியான 30,000 ரூபாய் வரையிலான தொகையும் கிடைக்காது, மறுவாழ்வுத் தொகையும் கிடைக்காது.

கள ஆய்வு செய்யச் சொல்லியிருக்கிறார்கள். எப்படித் தொடங்குவது?

ஒரு கிராமம், ஒரு கேள்வி, 50 அல்லது 60 வீடு போதும். ஊரையும் காலனியையும் சேர்த்து நடந்து வீடுகளைப் பட்டியலிடுங்கள். 300 வீடு இருந்தால் ஐந்துக்கு ஒன்று. ஊர்த்தலைவர் கைகாட்டும் வீடுகளுக்கு மட்டும் போனால் ஆய்வு அங்கேயே கெட்டது. பகலில் போனால் முதியவர்கள்தான் இருப்பார்கள். மாலை 6 மணிக்கு மேலோ ஞாயிற்றுக்கிழமையோ போங்கள். ஓசூர், தளி, வேப்பனப்பள்ளி பக்கம் வீட்டுமொழி தெலுங்காகவோ கன்னடமாகவோ இருக்கலாம். பேசத் தெரிந்த ஒருவர் குழுவில் வேண்டும்.

"எத்தனை வயதில் கல்யாணம்?" என்று நேராகக் கேட்டால் எல்லாரும் 18 என்பார்கள். எந்த வகுப்போடு பள்ளி நின்றது, நின்று எத்தனை வருஷத்தில் கல்யாணம், மூத்த பிள்ளை இப்போது என்ன வகுப்பு என்று கேளுங்கள். எட்டாவதோடு நின்று இரண்டு வருஷத்தில் கல்யாணம் என்றால் வயது 15 அல்லது 16. மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பேட்டியைத் தனியாகக் குறித்து வையுங்கள். விடை யாருடையது என்று சொல்ல முடியாது.

ஒன்றை முன்கூட்டியே வழிகாட்டி ஆசிரியரிடம் பேசிவிடுங்கள். 18 வயதுக்குட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்திருப்பதை அறிந்தவர் புகார் செய்தாக வேண்டும் என்கிறது போக்சோ சட்டத்தின் (பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் சட்டம்) 19-ஆம் பிரிவு. செய்யாவிட்டால் ஆறு மாதம் வரை சிறை. மைனர் மனைவியும் இதில் அடங்குவார். "நீங்கள் சொல்வதை யாரிடமும் சொல்ல மாட்டோம்" என்று வாக்குக் கொடுத்துவிட்டுப் பிறகு தவிக்காதீர்கள். இதே பிரிவால்தான் சில குடும்பங்கள் மைனர் கர்ப்பிணியை ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப்போக அஞ்சுகின்றன, அல்லது வயதைக் கூட்டிச் சொல்கின்றன. காக்க வந்த விதி மருத்துவத்தைத் தூரமாக்குகிறது. இந்த முரணை உங்கள் அறிக்கையில் மறைக்காமல் எழுதுங்கள்.

வழக்கு நடத்தப் பணம் இல்லாதவர்களுக்கு என்ன வழி?

தருமபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் நீதிமன்ற வளாகத்திலேயே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆம் பிரிவுப்படி பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், கொத்தடிமையிலிருந்து மீண்டவர்கள் ஆகியோருக்கு வருமான வரம்பே கிடையாது. வெள்ளைத் தாளில் மனு போதும்; எழுதத் தெரியாவிட்டால் அங்கே எழுதித் தருவார்கள். சட்ட உதவித் தொலைபேசி எண்ணான 15100-இலும் கேட்கலாம். வழக்கறிஞரை ஒதுக்கிய ஆணையின் நகலைக் கையில் வாங்கிக்கொண்டு அடுத்த வாய்தா தேதியை அதிலேயே குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் வராத நாளில் வழக்கு தள்ளுபடியானால் அதே அலுவலகத்தில் எழுத்தில் சொல்லி வேறு வழக்கறிஞரைக் கேட்கலாம்.